சங்கிலியை அடகு வைத்து ஒரு கேமரா

ராஜபாளையத்தில் பல வீடுகளில் நடக்கிற சண்டைதான் இது. பையன் காலேஜ் முடித்திருப்பான். நன்றாகப் படம் வரைவான், இல்லாவிட்டால் போட்டோ எடுப்பான், அதுவும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வான். "சொந்தமா ஒரு ஸ்டூடியோ போடுறேன்பா" என்று ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பிப்பான். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. "மாசமான கைல காசு வர்ற வேலையாப் பாருடா" என்பார். அம்மா எதுவும் பேசமாட்டார். ஆனால் கேமரா வாங்க அடகுக் கடைக்குப் போகப்போவது தன் கழுத்துச் சங்கிலிதான் என்று அவருக்குத் தெரியும்.

அப்பா சொல்வதைச் சும்மா பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பஞ்சாலைச் சம்பளத்தில் வளர்ந்த ஊர் அது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்... அந்தச் சம்பளமே ஒருவர் எடுத்த ரிஸ்க்கில் இருந்து வந்ததுதானே! 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது, அது ஓடும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? மில் முதலாளி துணிந்தால் தொலைநோக்கு, படம் வரைகிற பையன் துணிந்தால் ஊதாரித்தனம். இது என்ன நியாயமோ!

சரி, படம் வரைந்து பிழைத்தவர் யாராவது இந்தப் பக்கத்தில் உண்டா? உண்டு. கொஞ்சம் தெற்கே கோவில்பட்டிக்குப் போகவேண்டும்.

சி. கொண்டையராஜு. 1898-ல் சென்னையில் பிறந்தவர். அங்கே ஓவியப் பள்ளியில் படித்தார். ஒழுங்காக ஒரு உத்தியோகத்தைத் தேடிக்கொள்ளாமல் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்தது. வேறு ஆளாக இருந்தால் ரயில் ஏறி ஊருக்குப் போயிருப்பார். இவர் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது அந்த ஊரில்தான். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் தொங்கிய முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் எத்தனையோ பேருக்கு இந்தக் கூட்டத்தின் கையில் இருந்துதான் வந்தார்கள். 1976-ல் அவர் காலமானார்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், அவர் சாமி படம் மட்டும் வரைந்து உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டூடியோவில் போட்டோவும் எடுத்தார்கள். காலண்டர் படம் வருஷத்துக்கு ஒரு அறுவடை மாதிரி, போட்டோ அன்றாடம் வருகிற காசு.

அவரைக் காட்டி அப்பாவிடம் வாதாடுகிற பையன் ஒன்றை மறந்துவிடக்கூடாது. கொண்டையராஜு கல்யாணம் செய்துகொள்ளாதவர். துறவி போல வாழ்ந்தவர். தோற்றிருந்தால் அவரோடு போயிருக்கும். இங்கே அடகுக்குப் போவது அம்மாவின் சங்கிலி. ரிஸ்க் எடுப்பவன் ஒருவன், அதைச் சுமப்பவர் வேறொருவர். துணிச்சல் பற்றிப் பேசும் புத்தகங்களில் இந்த ஒரு வரியைத்தான் காணோம்.

இனி வருமானக் கணக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பல வீடுகளில் வைக்கமாட்டார்கள். மார்கழியும் போச்சு. ஆக போட்டோக்காரனுக்கு வருஷத்தில் மூன்று மாதம் கை காய்ந்துவிடும். அடகு வட்டிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது! அதே ஆடியில்தான் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுவதும் ஆடிப்பூரத்துக்குத்தான். கல்யாணம் இல்லாத மாதத்தில் டிசைன் வேலையும் திருவிழாப் படமும் இருக்கின்றன. ஒரே வித்தையை நம்பி இருப்பவனுக்கு அது கண்ணில் படாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாதானே ஞாபகம் வரும்! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. அடுப்பு எரியும் இடத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பால் காத்திருக்காது. வந்த அன்றே காய்ச்சியாகவேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். அதனால் மொத்தப் பாலையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் காய்ச்சுவதில்லை. பாலும் சர்க்கரையும் சட்டி சட்டியாக அடுப்பு ஏறும், கை ஓயாமல் கிண்டுவார்கள். ஒரு சட்டி அடிப்பிடித்தால் நஷ்டம் அந்தச் சட்டியோடு போகும், அடுத்த சட்டி அடுப்பில் இருக்கும். மொத்தச் சங்கிலியையும் ஒரே கேமராவில் போடுகிறவன் ராஜபாளையத்தில் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் போய் இதைப் பார்த்துவிட்டு வரலாம். பால்கோவாவும் சாப்பிடலாம் :)

இன்னொரு விஷயம், வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாதது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கச் செய்த போட்டோவும், வரையச் செய்த ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே உரிமை. எடுத்தவனுக்கு இல்லை! அந்தப் படத்தைத் தன் விளம்பரத்தில் போடவோ, வேறு இடத்தில் விற்கவோ அவனுக்கு உரிமை இருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் இதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் "நம்ம ஆளுதானே, எதுக்கு எழுதணும்?" என்பதுதான் நம் ஊர் வழக்கம். அட்வான்ஸ் கேட்கக்கூட கூச்சம். கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்து ஆல்பம் கைக்கு வந்த பிறகும் பாக்கிப் பணத்துக்கு நடக்கவேண்டும்.

தொழில்நுட்பம் வேறு சும்மா இருப்பதில்லை. 2000-களில் பிளக்ஸ் போர்டு வந்தது, சுவரில் எழுதிப் பிழைத்த ஓவியர்கள் பலர் தூரிகையைக் கீழே வைத்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் ரோல் போனது. 2012 ஜனவரியில் கோடக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. ஆனால் கோடக்கில் வேலை பார்த்தவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான் என்பதை அப்பா யோசித்தாரா தெரியாது.

கடைசியில் பல வீடுகளில் என்ன நடக்கிறது? புதுக் கேமராவுக்குப் பதில் பழைய கேமரா. லென்ஸ் வாடகைக்கு. பகலில் எங்காவது சம்பளம், முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டுப் படம். அப்படியும் கொஞ்சம் பணம் குறையும். அம்மா சங்கிலியைக் கழற்றாமல் முதலில் ஒரு வளையலைக் கழற்றுவார். அப்பா பார்க்காத மாதிரி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.