மெகாபிக்சலைப் பார்த்து வாங்கிய கெமரா

பாடசாலைக்குக் கெமரா வாங்கப் போகிறோம், எது நல்லது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். என் பிழையையே சொல்கிறேன்.

அபிவிருத்திச் சங்கக் காசில் முதல் கெமராவை வாங்கியது நான்தான். பெட்டியில் 20 மெகாபிக்சல் என்றிருந்தது. வேறொன்றும் பார்க்கவில்லை. பரிசளிப்பு விழாவன்று மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. மேடையேறிய பிள்ளைகளெல்லாம் புகை மாதிரிப் பதிந்திருந்தார்கள். கட்டாரிலிருந்து ஒரு பிள்ளையின் வாப்பா, "சேர், மகள் பரிசு வாங்கின போட்டோவ அனுப்புங்க" என்றார். அனுப்ப ஒன்றும் இல்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஏ4 அளவில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். மங்கலான இடத்தில் கைகொடுப்பது சென்சரின் பரப்பு. சிறிய கெமராக்கள் பலவற்றில் அது 6.2க்கு 4.6 மில்லிமீற்றர்தான். 2008இல் வந்த நிக்கோன் டி90இல் அதைப்போல் சுமார் 13 மடங்கு, மெகாபிக்சலோ 12தான். பாவித்த ஒன்றை வாங்கி, எஃப்1.8 லென்ஸ் போட்டோம். இப்போது மண்டபத்திலும் முகம் தெரிகிறது.

பாவித்தது வாங்குவதென்றால் ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையின் இருட்டு மூலையில், நடக்கும் ஒருவரைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அந்த மகளுக்கு அடுத்த வருடம் பரிசு கிடைக்கவில்லை. அவருடைய வாப்பாவுக்கு இன்னும் ஒரு படம் கடன்.