செம்பைத் தொடாத லேசர்

கோயம்புத்தூர் கணபதியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் காதில் விழும். நான் போன வீட்டுக்குள் கேட்டது எக்ஸாஸ்ட் ஃபேனின் இரைச்சல் மட்டும். மாடிப்படிக்கு அடியில் பத்து வாட் டையோடு லேசர் ஒன்று தன் சட்டத்தில் முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. “கண்ணாடியப் போடாமப் பாக்காதீங்க” என்று ஆரஞ்சு நிறக் கண்ணாடியை நீட்டினார் வீட்டுக்காரர்.

டிவி மெக்கானிக்காகத் தொழிலுக்கு வந்தவர். படக்குழாய் டிவிகள் வழக்கொழிந்த பிறகு, தோட்டத்து மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் போர்டுகளைப் பழுது பார்க்கிறார். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனால் மோட்டார் காயில் கருகிவிடும். அதைத் தடுக்க ஒரு பிரிவென்டர் இருக்கும். மோட்டாரைக் காப்பாற்றும் அந்தப் போர்டிலேயே சில சமயம் ரிலேவுக்கு அடியில் ஓடும் செம்புத் தடம், அதாவது டிராக், எரிந்துபோகிறது. செய்த கம்பெனி மூடிக் கிடந்தால் மாற்றுக்கு எங்கே போவது? அதனால் பழைய போர்டை ஸ்கேன் செய்து, கிகேட் மென்பொருளில் வரைந்து, புதிதாகவே ஒன்று செய்துவிடுகிறார்கள். வரைவது தங்கை மகன். இவர் அவனை “மாப்ள” என்கிறார். அவன் பேச்சுக்குப் பேச்சு “மாமா” போடுகிறான்.

லேசர் என்றதும் அது செம்பையே வெட்டும் என்று தோன்றும். வெட்டாது. போர்டின் மேல் ஒட்டியிருக்கும் செம்பு வெறும் 35 மைக்ரான்தான் என்றாலும், வெப்பத்தை விழுந்த இடத்தில் தங்கவிடாமல் பரப்பிவிடும். ஊரில் அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டும் கடைகளில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது. அதன் அகச்சிவப்பு ஒளியைச் செம்பு ஏறக்குறைய முழுவதும் திருப்பியடிக்கும். செம்பைச் சுரண்டியெடுக்கும் ஃபைபர் லேசரும் இருக்கிறது, விலை லட்சங்களில். மாப்பிள்ளை அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா எழுந்து டீ போடப் போய்விடுவாராம்.

இவர்கள் செய்வது வேறு. செம்பின் மேல் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறார்கள். எங்கே செம்பு வேண்டாமோ அங்கே மட்டும் லேசர் பெயிண்டை எரிக்கும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், திறந்து கிடக்கும் செம்பை அது அரித்துவிடும். பெயிண்டுக்கு அடியில் இருப்பது தப்பும். வேண்டாத செம்பை அரித்தெடுக்கும் இந்த வழி, 1930களில் லண்டனில் பால் ஐஸ்லர் ரேடியோவுக்காக முயன்ற காலத்திலிருந்து அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பழைய வேலையில் ஒரு சின்னப் பங்கை மட்டுமே லேசர் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மிச்சமெல்லாம் கை வேலை. “பெயிண்ட் கெட்டியா உளுந்தா அடி வரைக்கும் எரியாதுங்க. மெல்லிசா உளுந்தா ஃபெரிக் உள்ள பூந்துரும்” என்றார். தகட்டை ஸ்க்ரப்பரால் தேய்த்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, நெடுக்கில் ஒரு முறையும் குறுக்கில் ஒரு முறையும் மெல்லிசாக அடித்து மொட்டைமாடி வெயிலில் காயவைக்கிறார். லேசர் போன தடத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத கரிப்படலம் தங்கும். அதைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு எடுக்காவிட்டால் ஃபெரிக் அங்கே வேலை செய்யாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் கரைசல் வெதுவெதுப்பாக இருக்க, போர்டை அசைத்தபடியே இருக்கிறார். நடுநடுவே எடுத்து டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். செம்பு போன கோடுகள் வழியே மட்டும் வெளிச்சம் மஞ்சளாகக் கசிகிறது.

படத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு. முன்பு தாளில் பிரின்ட் எடுத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்த காலத்தில், தாளைக் கவிழ்த்ததும் படம் தானே திரும்பிவிடும். லேசரில் அப்படி இல்லை. திருப்ப மறந்தால் ஐசியைச் செம்புப் பக்கத்தில் வைத்து ஈயம் பிடிக்க வேண்டியதுதான்.

இருவரும் உண்மையாகவே மோதிக்கொள்வது டிராக்குகளுக்கு நடுவே விடும் இடைவெளி விஷயத்தில். டிராக்கைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு எரித்தால் போதும், நேரமும் ஃபெரிக்கும் மிச்சம் என்கிறான் மாப்பிள்ளை. ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் ஓடும் பக்கத்தில் அது சரிதான். ஆனால் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 415 வோல்ட். தோட்டத்துப் பெட்டிக்குள் தூசி அடையும், ஈரம் இறங்கும், பல்லி புகும். கால் மில்லிமீட்டர் கோட்டை நம்பி அதை விட முடியாது. அந்தப் பக்கம் செம்பை அகலமாக முழுக்க எடுக்கச் சொல்கிறார் மாமா. அதோடு நிற்காமல், பேஸ்களுக்கு நடுவே ரம்பத்தால் ஒரு பிளவும் போட்டுவிடுகிறார். பார்க்க அழகில்லை என்று மருமகன் முகம் சுளித்தான். எனக்கென்னவோ அந்த ரம்ப வெட்டுத்தான் அந்தப் போர்டிலேயே நம்பத்தகுந்த இடமாகப் பட்டது.

ஓட்டை போட லேசர் உதவாது. போர்டின் உடம்பு கண்ணாடி இழையும் எப்பாக்சியும். எரித்தால் கரியும் நச்சுப்புகையும்தான் மிஞ்சும். ரெசிஸ்டருக்கு 0.8, கனெக்டருக்கு 1 மில்லிமீட்டர் பிட். முகக்கவசம் கட்டிக்கொண்டு சின்ன டிரில்லால் ஒவ்வொன்றாகப் போடுகிறார்.

தீர்ந்த ஃபெரிக்கை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். துவைக்கிற கல்லில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் ஒரு கேனைக் காட்டினார். சலவைச்சோடா போட்டுச் சேறாக இறக்கி, அதைத் தனியே கட்டிவைத்திருக்கிறார். நொய்யல் ஆற்றில் சாயம் கலந்ததால், 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது இந்தப் பக்கத்துக் கதைதான். செம்பு கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட அவருக்கு மனசு வரவில்லை. அந்தச் சேற்றை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு மட்டும் இருவரிடமும் பதில் இல்லை.

கிளம்பும்போது ஒரு ஸ்டார்ட்டர் கடைக்காரர் போனில் வந்தார். ஒரே மாதிரி இருபது போர்டு வேண்டுமாம். “அத ஃபேக்டரிக்கு அனுப்பிரலாம் மாமா. பச்சை மாஸ்க்கோட, ஓட்டையும் போட்டே வந்துரும்” என்றான் மாப்பிள்ளை. மாமா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். “சரி, அனுப்பு. அந்த ரம்ப வெட்டையும் படத்துலயே போட்டு அனுப்பு” என்றார்.