பின் இருக்கை

2017இல் பழைய லான்சர் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, மட்காட்டுக்கும் டயருக்கும் இடையில் நாலு விரல் நுழையும் இடைவெளி என் கண்ணை உறுத்தத் தொடங்கிவிட்டது. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவனுக்கு வரக்கூடாத ஆசைதான். கராஜ் பொடியன் ஒருவன் ஒரு பின்னேரத்துக்குள் நாலு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டியெறிந்து காரைத் தரையோடு பதித்துத் தந்தான். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

உம்மாவுக்கு முள்ளந்தண்டில் தேய்வு. மாதம் ஒருமுறை அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குக் கிளினிக் போகவேண்டும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் வீதித் தடைகள். ஒவ்வொன்றிலும் கார் 'டம்' என்று இடிக்கும். பின்னாலிருந்து உம்மா "யா அல்லாஹ்" என்பார். உம்மா எந்நேரமும் திக்ரில் இருப்பவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இடிப்பு எனக்குத் தெரியாமலில்லை. டயரில் 32 இருந்த காற்றை 26க்கு இறக்கிப் பார்த்தேன். இடி கொஞ்சம் மந்தமானது. டயரின் ஓரங்கள் தேயத் தொடங்கின. உம்மாவுக்கு ஒரு பஞ்சு மெத்தைத் துண்டு வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அவர், "நாம பஸ்ஸில போவம் மகன், உனக்கும் வேலை இரிக்கும்" என்று சொல்லத் தொடங்கினார். என் நேரத்தை நினைத்துச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மனைவிதான் சொன்னாள்.

"மாமி கார்ல ஏற முந்தி ரெண்டு பனடோல் போட்டுட்டுத்தான் ஏறுறா. உங்களுக்குத் தெரியாதா?"

கல்முனையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். காரை ஜெக்கில் தூக்கி, தொங்கிய சில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கை அசைத்தார். இருப்பிடத்தைவிட்டு அது கடகடவென்று ஆடியது.

"இது ஆர்ர வேல?"

"நான்தான் வெட்டச் சொன்ன காக்கா."

அவர் ஏசவில்லை. மேசையில் கிடந்த பேனையைக் கழற்றி உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை எடுத்து அமுக்கச் சொன்னார். பிறகு அதைக் குறட்டால் பாதியாக வெட்டித் திரும்ப அமுக்கச் சொன்னார். விரல் நொந்தது. கம்பி அதே கம்பிதான். சுற்றுக் குறைந்தால் விறைப்புக் கூடும். அது மட்டுமல்ல. கார் தாழ்ந்துவிட்டதால் ஷொக் அப்சோர்பருக்கு மேலும் கீழும் ஓட இடமில்லை. சின்னக் குழிக்கே அடிரப்பரில் போய் முட்டுகிறது. நாங்கள் கேட்ட 'டம்' அந்தச் சத்தம்தான். வெட்டியதை ஒட்டவும் ஏலாது. வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங்கின் உரம் போய்விடும், பிறகு அது என்றைக்கும் உடையலாம்.

வெட்கத்தைவிட்டு நான் அப்போதும் ஒன்று கேட்டேன். கொஞ்சம் தாழ்வாகவே வைத்துக்கொண்டு மெதுவாக ஓடவைக்க வழியில்லையா? இருக்கிறது என்றார். தாழ்த்துவதற்கென்றே செய்த கட்டை ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷொக்கும் சேர்த்துப் போடலாம், நல்லாகத்தான் ஓடும். ஆனால் பழைய மெதுமை வராது. ஓட்டம் குறைந்த இடத்தில் விறைப்பு இருந்தேயாக வேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பின்னுக்கு இரிந்து எப்பயாவது போயிரிக்கீங்களா தம்பி?"

யோசித்தேன். சொந்தக் காரில் ஒருநாளும் நான் பின்னால் இருந்ததில்லை. உதவிக்கு நின்ற பையனிடம் சாவியைக் கொடுத்து என்னைப் பின்னால் ஏற்றினார். சாய்ந்தமருது தாண்டிக் காரைதீவு வரைக்கும் போய்த் திரும்பினோம். ஓட்டுபவனுக்குக் குழி வருவது முன்கூட்டியே தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உடம்பைத் தயார்படுத்திக்கொள்வான். பின்னாலிருப்பவருக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும். இடி சொல்லாமல் வரும். அதுவும் பின்சில்லுக்கு மேலேயே. இரண்டாவது தடையில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்ததில் என் வாயிலிருந்து வந்ததும் "யா அல்லாஹ்" தான். அது திக்ர் அல்ல.

பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து, வெட்டாத பழைய ஸ்பிரிங்குகள் நாலும், அடிரப்பர்களும், எண்ணெய் கசியாத ஷொக்குகளும் தேடி எடுத்தேன். தாழ்த்தக் கொடுத்ததைவிடப் பல மடங்கு போய்விட்டது. மெக்கானிக் காக்கா பூட்டி, சில்லு நேர்பார்த்து, காற்றையும் பழையபடி 32க்கு ஏற்றித் தந்தார். நாலு விரல் இடைவெளி திரும்ப வந்துவிட்டது. "என்ன மச்சான், கார் ட்ரக்டர் மாதிரி நிக்கிது" என்றான் நண்பன். சிரித்துக்கொண்டேன், கொஞ்சம் சுட்டதும் உண்மை.

அடுத்த கிளினிக்குக்கு உம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். தடைகளில் கார் அமுங்கி எழும்பியது, சத்தமில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒலுவில் தாண்டிக் களியோடைப் பாலம் நெருங்கியபோது கண்ணாடியில் பார்த்தேன். உம்மா கண்களை இறுக மூடி, கதவுப் பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடந்து வெகுதூரம் போன பிறகும் அந்தக் கைகள் பிடியை விடவில்லை.