கண்ணுக்குள் ஓர் ஏரி

கண்ணுக்குள் ஓயாமல் நீர் ஊறுகிறது. அது கண்ணீர் அன்று. சிலியரி உறுப்பில் பிறந்து, விழிவில்லைக்கு உணவூட்டி, நுண்ணிய வடிகால் வழியே குருதியில் கலந்துவிடும் தெளிநீர். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்பர். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும். பெரும்பாலும் வலி இராது, சிவப்பும் இராது. என் தந்தையின் இடக்கண் ஓரப்பார்வை போய்விட்டதை எங்களுக்கு உணர்த்தியது வாசல்நிலைதான். அவரது இடத்தோள் அடிக்கடி அதில் மோதியது.

மருத்துவர் டார்சோலமைடு சொட்டு மருந்து தந்தார். இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கலாம் என்றார்.

“கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை, இதற்கு நாளும் மூன்று வேளை மருந்தா, அம்மா?” என்று வழியில் அப்பா கேட்டார்.

அவர் உழவர். “ஏரியின் மதகு அடைத்துக்கொண்டால் கரையை எப்படிக் காப்பீர்கள், அப்பா?” என்றேன்.

“வரத்துக்காலை மறிப்போம்.”

இம்மருந்து செய்வதும் அதுவே. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் இணைத்து பைகார்பனேட்டை உண்டாக்குகிறது. கண்ணுக்குள் நீர் சுரக்க அது துணைபுரிகிறது. நொதியைத் தடுத்தால் சுரப்பு குறையும். 1950களிலேயே இதற்கு அசிடசோலமைடு மாத்திரை இருந்தது. ஆனால் அந்நொதி சிறுநீரகத்திலும் குருதிச் செல்களிலும் உண்டு. ஆகவே மாத்திரை உண்டவர்க்கு விரல்கள் மரமரத்தன, சிறுநீர் மிகுந்தது. கண்ணில் மட்டும் இடத்தக்க சொட்டு மருந்து கைக்கு வர 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. சல்ஃபா மருந்து ஒவ்வாதோர் முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

“கண்ணில் விட்டது நாக்கில் கசக்கிறதே!” என்று முதல்நாளே அப்பா ஐயுற்றார். கண்ணின் உள்முனையிலிருந்து மூக்குக்கும், அங்கிருந்து தொண்டைக்கும் வழி இருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் கசப்பு குறையும், மருந்தும் வீணாகாது. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. திண்ணையில் அமர்ந்து, விரலை வைத்தபடி வாய்விட்டு நூற்றிருபது எண்ணுவார். இடையில் யாரேனும் பேசினால் மறுகையால் அமர்த்துவார்.

இப்போதெல்லாம் அழுத்தம் அளந்து முடிந்ததும், “ஏரி எவ்வளவு நிற்கிறது, ஐயா?” என்றுதான் மருத்துவரைக் கேட்கிறார். தொடக்கத்தில் 25 இருந்தது. சென்ற முறை 19.