வாளி அறைச் சுவரில் ஒரு தாள்

அரச காரியாலயங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துப்புரவு ஆட்களை அனுப்பும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். கண்டியிலும் பேராதனையிலும் எங்கள் ஆட்கள் நிற்கும் இடங்களில் அறிவித்தல் எழுதி ஒட்டுவதும் என் வேலை. சம்பளச் சபைத் தீர்மானம் தொழிலாளர் கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்பது 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. ஆனாலும் பல இடங்களில் அந்தத் தாள் மனேஜர் அறை வாசலில்தான் தொங்குகிறது. ஹந்தானையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் வருகிற பெண்களுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?

அவர்கள் உடுப்பு மாற்றி, வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டு, வாளியும் மொப்பும் எடுக்கிற அறை ஒன்று இருக்கும். புத்தகத்துக்கு நேர் மேலே ஒட்டுவேன். பிளாஸ்டிக் உறை போடாவிட்டால் அந்த ஈரத்தில் தாள் ஒரு வாரம் தாங்காது.

பந்தி பந்தியாக எழுதுவதில்லை, கணக்கையே போட்டுவிடுவேன். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். சேமலாப நிதிக்கு உங்களிடம் கழிப்பது 8 வீதம்: 2,400. முதலாளி போடவேண்டியது 12 வீதம்: 3,600. நம்பிக்கை நிதிக்கு அவர் மேலும் 3 வீதம், 900 ரூபாய், கட்டவேண்டும்.

"தம்பி, அப்ப இந்த 900ஐ நம்ம சம்பளத்துல வெட்டக்கூடாதா?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"வெட்டக்கூடாது அக்கா. சம்பளத் துண்டக் கொண்டாங்க, பாப்போம்."

அந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதான் கணக்கை எழுதுகிறேன்.

ஆள் போதாதபோது வேறொரு கொந்தராத்துக்காரரிடமிருந்து ஆட்களை எடுக்கிறோமே, அவர்கள்தான் என் பெரிய கவலை. அதே தரையைத் துடைக்கிறார்கள். தாளைப் பார்த்து, "அது உங்க ஆளுங்களுக்கு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இதற்கு வேறு நாடுகளில் வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் வந்த 13496ஆம் இலக்க நிறைவேற்று ஆணை, அரச ஒப்பந்தக்காரர் தொழிலாளர் உரிமை அறிவித்தலை ஒட்டுவதோடு, தனக்குக் கீழே ஒப்பந்தம் எடுப்பவரின் பத்திரத்திலும் அதே நிபந்தனையைச் சேர்க்கவேண்டும் என்றது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள், அறிவித்தலில், பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விளங்கும் மொழியில், பரிசோதகரின் பெயரும் விலாசமும்கூட எழுதச் சொல்லின. நம் கேள்விப்பத்திரங்களிலும் இவை நிபந்தனையாக வரவேண்டும்.

இப்போதைக்கு, தாளின் அடியில் ஆள் அனுப்புகிறவரின் பெயருக்கும் சேமலாப நிதிப் பதிவிலக்கத்துக்கும் இடம் விடுகிறேன். அவர் வந்து நிரப்பி ஒப்பமிட்ட பிறகே அவருடைய பில்லை மேலே அனுப்புவேன்.