யார் ஃபெயில்?

மதுரை, காளவாசல். மாடியில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு. மின்விசிறி ஓடுகிறது. காற்று முன்வரிசைக்கு மட்டும் வருகிறது.

ஆசிரியர் வெள்ளைப் பலகையில் எழுதுகிறார்: 'ராஜா டோல்ட் மணி தட் ஹி ஹாட் ஃபெயில்ட்.' சிவப்பு மார்க்கரால் 'ஹி'யைச் சுற்றி ஒரு வட்டம்.

"யார் ஃபெயில்?"

பையன்கள் பக்கம் ராஜா என்கிறது. ஜன்னலோரம் மணி என்கிறது. ஆசிரியர் பதில் சொல்வதில்லை. வட்டத்திலிருந்து ராஜாவுக்கு ஓர் அம்புக்குறி போடுகிறார். மணிக்கும் ஒன்று போடுகிறார்.

கடைசி வரிசையில் ஒரு பெண். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. நோட்டின் ஓரத்தில் எழுதுகிறாள்: தான் ஃபெயில் என்று ராஜா மணியிடம் சொன்னான். 'தான்' கீழே கோடு.

பக்கத்துப் பெண் எட்டிப் பார்க்கிறாள்.

"தமிழ்ல குழப்பமே இல்லையேக்கா."

"அதான் 'தான்' இருக்குல்ல."

பலகையில் 'தட்' அழிகிறது. மேற்கோள் குறிகள் வருகின்றன. 'ஹி' இருந்த இடத்தில் 'ஐ'. 'ஹாட்' இருந்த இடத்தில் 'ஹேவ்'. மணியை நோக்கிய அம்பை ஆசிரியர் விரலால் அழிக்கிறார். விரல் நுனி சிவக்கிறது. மணிதான் ஃபெயில் என்றால் 'ஐ' போய் 'யூ' வரும் என்கிறார். பேனாக்கள் ஓடுகின்றன.

அடுத்தது. 'ஷி இஸ் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.'

"நோ எரர் சார்." வகுப்பு முழுக்க ஒரே குரல்.

ஆசிரியர் 'சின்ஸ்' கீழே கோடிடுகிறார். காத்திருக்கிறார். உணவு டெலிவரி டி-ஷர்ட் போட்ட பையன் கையைப் பாதி தூக்குகிறான், இறக்குகிறான், மறுபடி தூக்குகிறான்.

"ஹாஸ் பீன் வொர்க்கிங்."

"ஏன்?"

"அப்ப ஆரம்பிச்சது சார். இன்னும் வேலை பாக்குறாங்க."

ஆசிரியர் ஒரு புள்ளி வைத்து 2019 என்று எழுதுகிறார். புள்ளியிலிருந்து 'இன்று' வரை கோடு இழுக்கிறார். பையன் டி-ஷர்ட் கழுத்தை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.

மாதிரித் தேர்வு. ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். தப்புக்குக் கால் மார்க் போகும். பேச்சு நிற்கிறது. கடைசி வரிசைப் பெண் ஒவ்வொரு ப்ரோனௌன் மேலும் பென்சிலால் சின்ன அம்பு போட்டுக்கொண்டு போகிறாள். பதினேழாவது கேள்வியில் இரண்டு அம்பு விழுகிறது. 'ஹிஸ் ஃபைல்' காணோம் என்று மேனேஜர் கிளார்க்கிடம் சொல்கிறார். பென்சில் அங்கேயே நிற்கிறது. அந்தப் பகுதியில் பிழை என்று குறிக்கிறாள்.

தாள்களை மாற்றித் திருத்துகிறார்கள். பக்கத்துப் பெண் கூட்டுகிறாள். 21 சரி, 6 தப்பு, 3 எழுதவில்லை.

"பத்தொம்பதரைக்கா."

பதினேழாவது கேள்வி சரி.

முன்வரிசையில் விவாதம் முடியவில்லை.

"கிளார்க்கோட ஃபைல்தான்டா. இல்லாட்டி அவர்கிட்ட ஏன் சொல்லணும்?"

"மேனேஜரோடதா இருந்தாலும் கிளார்க்கைத்தானே கேப்பாரு."

டி-ஷர்ட் பையனின் போன் அதிர்கிறது. ஆர்டர். பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். கதவருகில் நின்று பலகையைப் போட்டோ எடுக்கிறான்.