டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள்

நம்பிக்கை ஒரு மனிதரை எவ்வளவு தூரம் வளர்க்கும் என்பதற்கு மதுரையில் ஒரு சாட்சி உண்டு: டாக்டர் ஜி. வெங்கடசாமி.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த விவசாயி மகன். பிரசவ மருத்துவராகும் கனவில் இருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. 1948-ல் ராணுவ மருத்துவர் வேலையும் போனது. விரல்கள் கோணிப்போய், பேனா பிடிக்கவே திணறினார். அதே விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, கண் மருத்துவரானார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

அவரைத் தாங்கியது ஸ்ரீ அரவிந்தர் மீதான பற்று. அதை அவர் தியானத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் பெரிய விஷயம். தன் அகந்தையையும் பொறுமைக் குறைவையும் நாட்குறிப்பில் தானே விசாரித்து எழுதிவந்தார். எத்தனை பக்தர்களுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தர் பெயரிலேயே கண் மருத்துவமனை தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் குடும்பத்தினரும் கூடவே உழைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது ஏற்பாடு. சுற்றுவட்டக் கிராமங்களில் முகாம் நடக்கும்போதெல்லாம் கண்புரை முற்றிய முதியவர்கள் மதுரைக்கு பஸ் ஏறுகிறார்கள்; அறுவை சிகிச்சை முடிந்து, கைக்காசு செலவில்லாமல் ஊர் திரும்புகிறார்கள்.